லயத்துல மாமி, மலையில அக்கா

விடியுமுன் எழுந்ததும் வீரம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. குசினி மூலையில், விறகு அடுக்குக்குப் பின்னால், ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடக்கும். அதை எடுத்து நிமிர்த்தி வைப்பாள். மகன் ஜீவராஜ் விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்று சன்னல் கம்பியில் செருகியிருக்கும். அதன் எதிரே பலகையை இழுத்துப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். எண்ணெய்த் துணியால் நெற்றி ஓரத்தையும் காதோரத்தையும் முதலில் துடைத்துக்கொள்வாள். கறுப்பு தோலில் ஒட்டிவிடக் கூடாது. பிறகு, தேய்ந்து குட்டையான ஒரு பழைய பல் பிரஷ்ஷைச் சிரட்டைக்குள் தோய்த்து வகிட்டிலிருந்து தொடங்குவாள். வகிட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு நெற்றி விளிம்பு. பிறகு காதுக்கு முன்னால் இறங்கும் பூனைமுடி. கடைசியாக, இடது புருவத்தில் பிடிவாதமாக வெளுத்து நிற்கும் இரண்டே மயிர். கண்ணாடி கையகலம்தான். முகத்தை மொத்தமாகப் பார்க்க முடியாது, துண்டுதுண்டாகத்தான் பார்க்கலாம். அது அவளுக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

எல்லாம் ஆன பிறகு சின்னதாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. தலைத்துணியை இழுத்து, பின்னால் இறுக்கி முடிச்சு. அதற்குப் பிறகுதான் அடுப்பு, தேத்தண்ணி, மற்றதெல்லாம்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தங்கள் அறையான காம்பராவில் படுத்தபடியே நிஷாந்தி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீரம்மாவின் மருமகள் அவள். ஜீவராஜ் கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். மாமியாரும் மருமகளும் அந்த ஒற்றைக் காம்பராவிலும் ஒரே மலையிலுமாகத் தங்கள் நாட்களைக் கழித்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், முதல் நாள் வேலைக்குப் புறப்படும்போதே வீரம்மா அவளிடம் பேசி வைத்துக்கொண்டாள்.

“இந்தா பாரு புள்ள. லயத்துல என்னைய மாமின்னு கூப்பிடு, வேணாங்கல. மலைக்குப் போயிட்டா அக்கா. மலையில எனக்கு மருமகளும் கெடையாது, மகனும் கெடையாது. வெளங்குச்சா?”

“ஏன் மாமி?”

“ஏன்னா ஏன். கூப்பிடுன்னா கூப்பிடு.”

நிஷாந்தி அப்படியே கூப்பிட்டாள். ஒரு தடவை மறந்துபோய்த் தேயிலைக்கு நடுவில் நின்று “மாமீ” என்று கத்திவிட்டாள். வீரம்மா அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

வீரம்மாவுக்கு ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ இருக்கும். சரியான வயதை யாரும் கேட்டு வாங்கிவிட முடியாது. லயத்துக் கோடியில் இருக்கும் மாயாண்டி மட்டும் விடமாட்டார். அவர் வேலையிலிருந்து நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. காலையில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, மலைக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகச் சீண்டுவதுதான் இப்போது அவருக்கு உத்தியோகம்.

“ஏய் வீரம்மா, நீயும் நானும் ஒரே வருசத்துலதான் பேரு பதிஞ்சோம். எனக்கு மட்டும் எப்புடி நரைச்சுப் போச்சு?”

“நீ அடுத்தவங்க கதையப் பேசிப் பேசி நரைச்ச. நான் வேலை செஞ்சேன்.”

“வேலை செஞ்சா கறுக்குமாக்கும்?”

“ஒனக்கு மூஞ்சி கறுத்துச்சு, எனக்கு மயிரு கறுத்துச்சு. போய்ப் படு.”

லயமே சிரிக்கும். வீரம்மா சிரிக்காமல் இறங்கிப் போவாள். அந்த நடையை நிஷாந்தி பின்னாலிருந்து பார்ப்பாள். கல் படிகளில் கை ஊன்றாமல் இறங்குவதற்காக முழங்காலை எப்படிச் சாய்த்து வைக்கிறாள் என்பதும், திருப்பத்தில் ஆள் பார்வை மறைந்ததும் ஒரு கணம் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் பின்னால் வருகிறவளுக்குத்தான் தெரியும்.

இந்தச் சாயப் பழக்கம் ஒரு நாளில் தொடங்கியது. அந்த நாளில் நிஷாந்தியும் கூட இருந்தாள்.

தலவாக்கலைக்குப் போகும் ரோட்டில், வளைவுக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களின் வேன்கள் நின்று போகும் தேயிலை விற்பனை நிலையம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் ஒரு பெண். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில், ஒரு கை தேயிலையில், முகம் மட்டும் திரும்பிப் பார்க்கிறது. பல் தெரியச் சிரிப்பு. வெயிலும் மழையும் குடித்துப் பலகையின் பச்சை நீலமாகிவிட்டது. ஆனாலும் அந்த முகம் அப்படியே இருந்தது. அது வீரம்மா. இருபத்தைந்து வயதில், தோட்டத்துத் தொரை யாரோ ஒரு படம் எடுப்பவரோடு மலைக்கு வந்தபோது முதல் நிரையில் நின்றவள் என்பதால் அவளைத்தான் நிறுத்தி எடுத்தார்கள். பஸ்ஸில் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த வளைவு வரும்போது அவள் சன்னல் பக்கம் சாய்வாள். வேறு யாரிடமும் காட்டிச் சொல்ல மாட்டாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று சாமான் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பஸ் பழுதாகி அந்த நிலையத்துக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. வீரம்மா இறங்கினாள். ரோட்டைக் கடந்து போய்ப் பலகைக்கு நேர் கீழே நின்றாள். விற்பனைப் பெண், சின்ன வயசுக்காரி, வாசலுக்கு வந்தாள்.

“தங்கச்சி, இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. நான் வந்து கொஞ்ச நாள்தான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். வீரம்மாவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “ஓங்க மகளாங்க அம்மா?”

இப்போது ஏதோ நடக்கப்போகிறது என்று நிஷாந்தி நினைத்தாள். வீரம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஆமா,” என்றாள்.

அடுத்த பஸ்ஸில் மறுபடி டவுனுக்குப் போனார்கள். ஏதோ மறந்துவிட்டதாகச் சொன்னாள். நஸார் பாய் கடையில் நிஷாந்தியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

சாயம் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கண் இமைகள் வீங்கிப் பொம்மி, காது மடல் சிவந்து தடித்து எழுந்தாள். தலைத்துணியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்தாள். அங்கேதான் காலையில் எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பார்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை.

“மூஞ்சிக்கு என்னக்கா?” என்று ஜெயந்தினி கேட்டாள். அடுத்த லயத்துக்காரி. அவள் நாக்குக்குப் பயந்து கங்காணிமாரே ஒதுங்கிப் போவார்கள்.

“குளவி கொட்டிருச்சு.”

“எங்க, மலையிலயா?”

“பீலிக்குத் தண்ணியெடுக்கப் போனேன். அங்க.”

பீலியடியில் யாரும் குளவியைக் கண்டதில்லை. காதோரத்தில் சாயம் திட்டாகக் காய்ந்திருந்ததை எல்லாரும் கண்டார்கள். ஜெயந்தினி நிஷாந்தியைப் பார்த்தாள். நிஷாந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கொரு தடவையாவது வீரம்மாவைக் ‘குளவி கொட்டியது’. மலையில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது புதுச் சேலை கட்டி, பவுடர் பூசி வந்தாலும், “என்னடி, ஒன்னையும் குளவி கொட்டிருச்சா?” என்பார்கள்.

போன தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னால் வந்த வீக்கம் சிரிக்கும்படி இருக்கவில்லை. இரண்டு கண்ணும் மூடிப்போய், தலைத் தோலில் தண்ணீர் கோத்துப் புண்ணாகி, மூச்சே கொஞ்சம் திணறியது. நிஷாந்திதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஒரு சிங்களப் பெண். நிஷாந்தி வயதுதான் இருக்கும். தலைத்துணியை அவிழ்த்துப் பார்த்த உடனேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அம்மே, ஆயே மேக்க கான்ன எபா,” என்றார். இனி இதைப் பூசவே கூடாது. இன்னொரு தடவை பூசினால் மூச்சுக்குழாய் வீங்கி ஆளே போய்விடலாம் என்று, வீரம்மாவுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தித் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

“ஹரி மிஸ், ஹரி,” என்று தலையாட்டினாள் வீரம்மா.

பஸ்ஸில் வெகுதூரம் வரைக்கும் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். உயிர்ப் பயம் வந்துவிட்டதாக்கும் என்று நிஷாந்தி நினைத்துக்கொண்டாள். தோட்டத்துச் சந்தி நெருங்கும்போதுதான் வீரம்மா திரும்பினாள்.

“அம்மேன்னு கூப்பிட்டா பாத்தியா?”

“டாக்டரு எல்லாரையும் அப்புடித்தான் மாமி கூப்பிடுவாங்க.”

“ஒன்னையக் கூப்பிடலயே.”

இனி நரைத்த தலையோடுதான் மாமியைப் பார்க்கப்போகிறோம் என்று நிஷாந்தி எதிர்பார்த்தாள். புண் ஆறும் வரைக்கும் தலைத்துணியை வீரம்மா இறக்கவே இல்லை. அப்புறம் ஒரு நாள் காலை, விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து சிரட்டையும் பிரஷ்ஷும் மறுபடி வந்தன. வகிடு கறுத்தது. முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கொரு தடவை நடந்த காரியம் இப்போது தினமும் நடந்தது. நிஷாந்திக்குக் கோபமும் அருவருப்பும் ஒன்றாக வந்தன.

“அந்தம்மா அவ்வளவு சொல்லியும் திரும்பப் பூசுறீங்களே, செத்துப் போனா யாரு பதில் சொல்றது?”

“நான் சாக மாட்டேன், நீ பயப்படாத.”

“மலிவான சாயமா வாங்குறீங்க போல. தலகாணியெல்லாம் கறுப்பு. தொவைச்சாலும் போக மாட்டேங்குது.”

“என் தலகாணிய நான் தொவைச்சுக்கிறேன்.”

மழைக்காலத்தில் அவள் தலைத்துணிக்கு அடியில் ஒரு பொலித்தீனைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கியதையும் நிஷாந்தி கவனித்தாள். சளி பிடிக்காமல் இருக்க என்று சொன்னாள். பீலியில் எல்லாரோடும் சேர்ந்து தலை முழுகுவதை நிறுத்திவிட்டாள். தோளில் யாராவது கை போட்டால் தலையைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். முன்பு காம்பராவில் அடிக்கும் அந்த மூக்கைக் குத்தும் மருந்து நெடி இல்லை, எண்ணெய் வாசம்தான். இதையெல்லாம் நிஷாந்தி கண்டாள். கண்டதோடு சரி. மாமி ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்கவில்லை, திரும்பவும் பூசுகிறாள் என்று பீலியடியில் பெண்களிடம் சொன்னவளும் அவள்தான்.

மாசி மாதத்தில் கங்காணி மாறினார். புதிதாக வந்தவன் யோகேஸ்வரன், முப்பதைத் தாண்டாத பையன், போனில் கணக்குப் பார்க்கிறவன். கொழுந்து எடுக்கிறவர்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து, தேயிலைக்கு நடுவே வரிசையாக ஏறுவார்கள். காட்டோரமாகப் போகும் முதல் நிரைதான் மற்றவர்களுக்கு வேகம் வைக்கும். கையும் காலும் ஓடுகிறவளுக்குத்தான் அது. வீரம்மா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அதை வேறு யாரும் பிடித்ததில்லை. புருஷன் செத்த மாதத்தில்கூடத் திரும்பி வந்து அதே நிரையில்தான் நின்றாள்.

யோகேஸ்வரன் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னான். “வயசானவங்கள இனி ரோட்டோரத் தட்டுக்குப் போடப்போறோம். அங்க ஏத்தமில்ல, புல்லும் வெட்டலாம், கொழுந்தும் எடுக்கலாம். ஒங்களுக்கும் லேசு. வீரம்மா அம்மா, நீங்களும்தான்.”

“யாருக்கு அம்மா? ஒங்கம்மா வீட்டுல இருக்காங்க.”

பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

“சரிக்கா. ஒங்களுக்கு என்ன வயசு, அதச் சொல்லுங்க.”

“என் வயச என் கையக் கேளு. இந்தக் கூட்டத்துல எவ கை மொதல்ல மேல ஏறுதுன்னு பாத்துட்டு, அப்பறம் ரோட்டோரத்துக்கு அனுப்பு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். விட்டுக்கொடுத்ததாகவும் தெரியக் கூடாது, பிடிவாதம் என்றும் பேர் வரக் கூடாது. “சரி, பாப்போம். ஆனா ஒரு நாள் பின்னால வந்தாலோ, ஒடம்புக்கு முடியலன்னு ஒரு நாள் நின்னாலோ, அன்னையோட மொத நிரை நிஷாந்திக்கு. அப்பறம் எங்கிட்ட கேக்கக் கூடாது.”

நிஷாந்தி இரண்டாவது நிரை. அவளுக்கு அந்த முதல் நிரை மேல் ஆசை இல்லாமலில்லை. காட்டோரத்தில் நிழல் விழும், கொழுந்து தடித்து நிற்கும், ஒரு பக்கம் ஆள் இடிக்காது. அதைவிட, மூன்று வருடங்களாக முன்னால் போகும் அந்த முதுகைப் பார்த்தே ஏறிக் களைத்துப் போயிருந்தாள். யோகேஸ்வரன் தன் பெயரைச் சொன்னதும் அவள் குனிந்து இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் முடிச்சைச் சரிசெய்தாள். முகத்தில் எது தெரிந்ததோ, அது மாமிக்குத் தெரிய வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு வீரம்மாவின் வேகம் பார்க்கவே பயமாக இருந்தது. பேச்சை நிறுத்திவிட்டாள். வெற்றிலைக்குக்கூட நிற்கவில்லை. இரவில் முழங்காலுக்குச் சூடாக உப்பு ஒத்தடம் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வது கேட்கும். காலையில் சிரட்டை, பிரஷ், கண்ணாடி. காதோரம். புருவத்தில் அந்த இரண்டு மயிர்.

பங்குனியில் ஒரு நாள், முதல் நாள் மழை பெய்து மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மதியத்துக்குப் பிறகு வீரம்மா வழக்கம்போல மற்றவர்களைவிட ஒரு கூப்பிடு தூரம் மேலே போய்விட்டாள். காட்டோரத்துச் சவுக்கு மரத்தில் ஏதோ பெரிய பறவை வந்து மோதிச் சிறகடித்ததை நிஷாந்தி கேட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். மாமியின் தலை தெரியவில்லை. குனிந்து எடுக்கிறாளாக்கும் என்று தன் கொழுந்துக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது தலைத்துணி தெரிந்தது. ஆனால் அது மேலே போகவில்லை. இருந்த இடத்திலேயே மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வீரம்மா எல்லாருக்கும் பிறகு வந்தாள். பை நிறைந்துதான் இருந்தது. முகம் வீங்கிப்போயிருந்தது. மேலுதடு தடித்து, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

“என்னக்கா மூஞ்சி?” யோகேஸ்வரன்தான் கேட்டான்.

“குளவி கொட்டிருச்சு.”

ஜெயந்தினி, “எந்தக் கடையில வாங்கின குளவிக்கா? நஸார் பாய் கடைக் குளவியா?” என்றாள்.

சிரிப்பு வெடித்தது. தராசுக்காரனும் சிரித்தான். நிஷாந்தியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள்.

“நெசமாத்தான் சொல்றேன்,” என்றாள் வீரம்மா. குரல் எழும்பவில்லை.

“வேணும்னா டிஸ்பென்சரிக்குப் போயிட்டு, நாளைக்கு நின்னுக்குங்க,” என்றான் யோகேஸ்வரன். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் ‘நாளைக்கு நின்னுக்குங்க’ என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“நான் ஒன்னும் நிக்கல. நாளைக்குப் பெரட்டுக்கு வருவேன்.”

வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதையில் அவள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். முன்னால் யாரும் இல்லாதபோது உட்காருவது புதிதல்ல. ஆனால் நிஷாந்தி பார்க்க உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“தலையெல்லாம் எரியுது புள்ள.”

“எரியாம? பூசாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.” சொல்லிக்கொண்டே நிஷாந்தி, எரிகிற இடத்தைப் பார்க்கலாம் என்று தலைத்துணியின் முடிச்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

வீரம்மா அந்தக் கையைப் பிடித்தாள். வீங்கிய முகத்தில் ஒற்றைக் கண் திறந்து பார்த்தது. பிடி அத்தனை இறுக்கமாக இருந்ததால் நிஷாந்திக்கு வலித்தது.

“தொடாத.”

“பாத்துட்டு விடுறேன் மாமி.”

“தொடாதன்னா தொடாத. நடுவழியில என் தலைய அவுக்குறியா நீ?”

பிடிவாதம் பிடித்த மனுஷி என்று நினைத்தாள் நிஷாந்தி. கையை விடுவித்துக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் முன்னாலும், வீரம்மா பின்னாலுமாக லயத்துக்கு வந்தார்கள்.

காம்பராவில் பாயை விரித்துப் போட்டுவிட்டு நிஷாந்தி இரண்டு பேருடைய படங்குகளையும் உதறிக் காயப்போட இஸ்தோப்புக்கு வந்தாள். தன்னுடையதை உதறினாள். மாமியுடையதை உதறினாள். அந்தச் சாக்கு மடிப்பிலிருந்து கறுத்து நீண்ட எதுவோ சிமெந்துத் தரையில் விழுந்தது. இன்னொன்று. இன்னும் இரண்டு மூன்று. ஒன்று மல்லாந்து கிடந்து காலை அசைத்தது.

குளவிகள்.

மேலே நடந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பறவை கூட்டைக் கலைத்திருக்கிறது. ஓடினால் துரத்தும் என்று, செய்ய வேண்டியதை முறையாகச் செய்து, வீரம்மா தேயிலைக்கு அடியில் புகுந்து படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறாள். தலை மட்டும் படங்குக்கு வெளியே நின்றிருக்கும். கூப்பிட்டிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

உள்ளே ஓடினாள். வீரம்மா பாயில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி. மூச்சு விசில் போல வந்து வந்து போனது. தலைத்துணி அவிழ்க்கப்படாமலே இருந்தது.

“மாமி, நெசமாவே குளவியா? மாமி!”

“அப்பவே சொன்னேனே,” என்றாள் வீரம்மா.

ஜெயந்தினியின் தம்பியிடம் ஆட்டோ இருந்தது. மாயாண்டி ஊன்றுகம்பை விட்டுவிட்டு ஓடிப் போய் அவனைக் கூப்பிட்டு வந்தார். அந்த மனுஷன் ஓடி அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. தோட்டத்து ரோடு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் வீரம்மாவின் தலை நிஷாந்தியின் தோளில் இடித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொழுந்து லொறி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லாததால் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்கள்.

“புள்ள,” என்றாள் வீரம்மா. உதடு தடித்திருந்ததால் சொல் குழறியது. “நாளைக்கு நான் வர நேரமாகும் போல. நீ முன்னால போயி என் நிரையப் புடிச்சு வச்சுக்க. வேற எவளுக்கும் விட்டுறாத. நான் வந்துருவேன்.”

“சரி மாமி.”

“மலையில என்னன்னு கூப்பிடச் சொன்னேன்?”

“சரிக்கா,” என்றாள் நிஷாந்தி.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. நாடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “மெச்சர பரக்கு உனே ஐ?” என்றார் டாக்டர். ஏன் இத்தனை நேரம் தாமதம் என்று கேட்கிறார் என்பது மட்டும் நிஷாந்திக்கு விளங்கியது.

முதல் நிரை இப்போது நிஷாந்திக்கு. யோகேஸ்வரன் தானாகவே கொடுத்தான், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கருமாதி முடிந்து வேலைக்குப் போன காலையில், காட்டோரத்துச் சவுக்கு மரத்தில் கூடு இருந்த இடத்தைப் புகை போட்டுக் கலைத்திருந்தார்கள். கொழுந்து தடித்துத்தான் நின்றது. ஒரு பக்கம் ஆள் இல்லை. அவளுக்கு முன்னால் பார்க்க ஒரு முதுகும் இல்லை. ‘குளவி கொட்டிருச்சா’ என்று இப்போது அந்த மலையில் யாரும் கேட்பதில்லை. ஜெயந்தினியின் நாக்குகூடச் சில நாட்கள் அடங்கிக் கிடந்தது. தலவாக்கலை ரோட்டில் அந்தப் பலகை மட்டும் நீலமாகிப்போன தேயிலைக்கு நடுவில் இன்னும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. பஸ் அந்த வளைவுக்கு வரும்போது நிஷாந்தி மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வாள்.

இதற்கெல்லாம் முன்னால், பிரேதம் எடுக்கிற அன்று காலை, ஆஸ்பத்திரியில் மரண விசாரணை முடித்துக் கொடுத்த உடலைக் குளிப்பாட்டுவதற்காக லயத்துப் பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஜீவராஜ் வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துத் தேய்க்க வேண்டியவள் மருமகள். நிஷாந்தி தலையைக் கைகளில் ஏந்திக்கொண்டாள். ஜெயந்தினி வாளியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

தண்ணீர் கறுப்பாக ஓடியது. நெற்றியில் இறங்கி, மூடிய கண்களைச் சுற்றி, காது வழியாகச் சிமெந்து வடிகானுக்குள் கறுத்து ஓடியது. மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் கறுப்பு. சாயம் இப்படிக் கரையாதே என்று நிஷாந்தி நினைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று எண்ணெயோடு குழைந்த கருமை. பக்கத்திலிருந்த வயசான பொம்பளை ஒருத்தி விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனாள்.

“இது சாயமில்லடி. வெளக்குக் கரி.”

வாளித் தண்ணீர் தெளிந்து ஓடத் தொடங்கியபோது தலை தெரிந்தது. கொட்டின தடங்கள் சிவந்து தடித்து வகிட்டைச் சுற்றி நின்றன. முடியின் நுனிப்பகுதி இன்னும் பழைய சாயத்தில் செம்பட்டையாக இருந்தது. அடியிலிருந்து நாலு விரற்கடைக்குச் சுத்த வெள்ளை. தீபாவளியிலிருந்து வளர்ந்த முடி அவ்வளவு இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிய அந்த நாளுக்குப் பிறகு வீரம்மா சாயத்தைத் தொடவே இல்லை.